தட்டைப்பயறு சாதமும் எலுமிச்சைக் கோசுமல்லியும்: ஊறவைப்பதிலிருந்து பரிமாறுவது வரை

சில ஆண்டுகளுக்கு முன், வீட்டுக்கு எட்டுப் பேர் விருந்துக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், நேரத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் ஊறவைத்த தட்டைப்பயறையும் புளிக்கரைசலையும் அரிசியையும் ஒன்றாகவே குக்கரில் போட்டு மூடினேன். ஆறு விசில் வந்த பிறகு திறந்து பார்த்தபோது அரிசி கூழாகியிருந்தது. பயறோ தட்டில் விழும்போது சத்தம் கேட்கும் அளவுக்கு விறைப்பாக இருந்தது. அன்று கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த அத்தை ஒரு பயறை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "புளியைக் கடைசியா உடோணும் கண்ணு, மொதல்லயே உட்டா பயறு எப்புடி வேகும்?" என்று மட்டும் சொன்னார்.

பல மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் சட்டியை இறக்கி வைத்து, கொதிப்பு அடங்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, அறுத்தார். ஏன் இவ்வளவு பொறுமை என்று கேட்டேன். "தேசிப்புளியை அடுப்பாலை இறக்கினாப் பிறகுதான் விடவேணும், இல்லாட்டிக் கைக்கும்" என்றார். கைக்கும் என்றால் கசக்கும். ஒருவர் பயறுக்காகச் சொன்னார், மற்றவர் எலுமிச்சைக்காகச் சொன்னார். இரண்டும் ஒரே விதியின் இரு பக்கங்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயறு முழு நெருப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும், எலுமிச்சையோ நெருப்பின் பக்கமே போகக் கூடாது. அரிசியும் பயறும் சேர்ந்த சாதத்தையும் அதனுடன் தொட்டுக்கொள்ள, கோசுமல்லி போன்ற, எலுமிச்சை பிழிந்த சமைக்காத கலவையையும் செய்யக் கற்பவர், அளவுகளைப் பின்னால் மாற்றிக்கொண்டாலும், இந்த வரிசையை மட்டும் மாற்றாமலிருந்தால் போதும்.

பயறைத் தேர்ந்தெடுப்பது

கொங்குப் பகுதியில் தட்டைப்பயறு என்றும், சென்னைப் பக்கம் காராமணி என்றும், இலங்கையில் கௌப்பி என்றும் வழங்குவது ஒரே பயறுதான். காரடையான் நோன்பு அடையில் போடுவதும் இதையே. வெள்ளை, சிவப்பு, செம்பழுப்பு எனப் பல நிறங்களில் கிடைக்கிறது. சாதத்துக்கு நான் சிவப்பு நிறத்தையே எடுப்பேன். தோல் சற்றே கெட்டியாக இருப்பதால் அரிசியுடன் இரண்டாம் முறை வேகும்போதும் உடையாமல் நிற்கும். இந்தப் பயறின் தாயகம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. அடிமை வணிகக் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து போன அதே பயறைத்தான் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அரிசியுடன் சமைத்து, 'ஹாப்பின் ஜான்' என்ற பெயரில் புத்தாண்டு நாளன்று உண்கிறார்கள்.

கடையில் வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பது நல்லது. பயறு பளபளப்பாக, சுருக்கமின்றி, ஓட்டையின்றி இருக்க வேண்டும். வண்டு துளைத்ததைப் பொறுக்கி எறிந்துவிடலாம், ஆனால் பழைய பயறுக்கு வைத்தியம் இல்லை. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறின் உட்புறம் மாறிவிடுகிறது; பிறகு இரவெல்லாம் ஊறவைத்தாலும் எத்தனை விசில் விட்டாலும் அது முழுதாக மெத்தென்று ஆகாது. வாங்கும் பையின் மீது தேதியை எழுதி வைத்து, ஆறேழு மாதங்களுக்குள் தீர்த்துவிடுவது என் வழக்கம். நிறைய வாங்கிச் சேமிப்பது சிக்கனம்போலத் தோன்றும். எரிவாயுக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

ஊறவைத்தலும் முதல் வேகலும்

நான்கு பேருக்கு அரை கப் பயறு போதும். எடையில் அது 100 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டு முறை கழுவி, பயறு மூழ்கி மேலே நான்கு விரற்கடை நிற்கும் அளவுக்கு நீர் ஊற்றி, அதில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து 6 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பல வீடுகளில் சொல்வார்கள், எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். உண்மையில் உப்பில் உள்ள சோடியம், தோலின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஓரளவு வெளியேற்றி, தோலை இளக வைக்கிறது. பயறின் வேகலைத் தடுப்பவை புளிப்பும் கடினநீரும்தான். புளி, தக்காளி, எலுமிச்சை ஆகிய எதுவானாலும் அமிலம் இருக்கும் நீரில் அந்தப் பசை எளிதில் கரைவதில்லை, அதனால் பயறு உருவம் கலையாமல் விறைப்பாகவே நிற்கும். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் இதே வேலையைச் செய்வதால், குழாயில் கடினநீர் வரும் வீடுகளில் ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிநீரையே பயன்படுத்த வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஊறும் பயறு ஐந்தாறு மணி நேரத்திலேயே நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். அந்த நாட்களில் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரவு முழுதும் ஊறவிடுவது பாதுகாப்பானது. ஊறிய பயறு இரு மடங்குக்கும் சற்று மேலாகப் பெருத்திருக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தால், நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் முழுவதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, 2 கப் புதிய நீரும் இரண்டு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குக்கரில் ஒரே ஒரு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் முக்கால் பதம் போதும், ஏனெனில் அரிசியுடன் மீண்டும் ஒரு முறை வேகப்போகிறது. பதம் பார்ப்பதற்கு அத்தை சொல்லிக்கொடுத்த முறை இது: கரண்டியில் நாலைந்து பயறை எடுத்து அதன் மீது வாயால் ஊத வேண்டும். தோல் சுருங்கி விரிசல் விட்டால் முக்கால் பதம் வந்துவிட்டது என்று பொருள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் மாவாகக் கூடாது. வேகவைத்த நீர் செம்மண் கரைத்ததுபோல் இருக்கும். அதைக் கொட்டிவிடக் கூடாது. சாதத்தின் நிறமும் மணமும் பாதிக்கு மேல் அந்த நீரில்தான் இருக்கின்றன.

தட்டைப்பயறு சாதம்

அரிசி ஒன்றரைக் கப், அதாவது 300 கிராம். பொன்னிப் பச்சரிசி எனக்குப் பிடித்தது. புழுங்கலரிசியானால் நீரும் நேரமும் கூடும். பாஸ்மதி இதற்கு ஏற்றதன்று. அது தனித்தனியாக நிற்கும், பயறு தனியாக உருளும், இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தட்டில் கிடக்கும். அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து வடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கால் கப் தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, நான்கு பல் பூண்டு ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளவும். விழுதாக அரைத்தால் சாதம் குழம்பு பிசைந்ததுபோல் ஆகிவிடும். அம்மியில் நான்கு இழுப்பு இழுத்தால் வரும் பதம்தான் வேண்டியது. மிக்ஸியானால் விட்டு விட்டு மூன்று சுற்றுப் போதும்.

இப்போது நீர்க்கணக்கு. இந்தச் சாதத்தில் தவறு நேர்வதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். பச்சரிசி ஒரு கப்புக்கு இரண்டரைக் கப் என்று வைத்தால், ஒன்றரைக் கப்புக்கு மொத்தம் மூன்றேமுக்கால் கப் நீர். பயறு வெந்த நீரை முதலில் அளந்து, அது ஒன்றேகால் கப் இருந்தால், மேலே இரண்டரைக் கப் மட்டும் சேர்க்க வேண்டும். பலரும் பயறுத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் அரிசிக்குரிய முழு நீரையும் தனியாக ஊற்றிவிட்டு, சாதம் குழைந்துவிட்டது என்று அரிசியைக் குறை சொல்வார்கள். புழுங்கலரிசிக்கு ஒரு கப்புக்கு மூன்று கப் என்று கணக்கிடலாம்.

குக்கரில் 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய் மூன்று, இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளிக்கவும். கடுகு முழுவதும் வெடித்து முடிந்த பிறகே 15 சின்ன வெங்காயத்தையும் நசுக்கிய நான்கு பல் பூண்டையும் சேர்க்க வேண்டும். சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுதாகவே போடுவது கொங்கு வழக்கம். வெந்த பிறகு ஒன்று வாயில் அகப்படும்போது இனிப்பாகக் கரையும். வெங்காயத்தின் வெளித்தோல் அங்கங்கே பொன்னிறமானதும் கீறிய பச்சை மிளகாய் இரண்டு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத்த தேங்காய் ஆகியவற்றைச் சேர்த்து, தேங்காயின் பச்சை வாசனை போகும் வரை, ஏறத்தாழ 2 நிமிடம், மிதமான தீயில் வதக்கவும்.

வடித்த அரிசியைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளற வேண்டும். ஒவ்வொரு அரிசியின் மீதும் எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு பயறு, அளந்த நீர், உப்பு. நீர் கொதித்ததும் ஒரு துளி உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துப் பார்த்தால், உப்பு ஒரு பங்கு தூக்கலாகத் தெரிய வேண்டும். அரிசி குடித்துவிட்டால் சரியாகிவிடும். மூடி, நடுத்தரத் தீயில் 2 விசில் விட்டு, தீயைக் குறைத்து 2 நிமிடம் வைத்து அணைக்கவும். ஆவியை வலிந்து வெளியேற்றக் கூடாது. அப்படிச் செய்தால் உள்ளே நீர் திடீரெனக் கொதித்தெழுந்து, அதுவரை முழுதாக இருந்த பயறெல்லாம் உடைந்துவிடும்.

மூடியைத் திறந்தபின் நேராகக் கரண்டியைக் குத்தாமல், ஓரத்திலிருந்து அடிவரை மரக்கரண்டியை விட்டு மேல்நோக்கிப் புரட்ட வேண்டும். ஆவி பறக்கும் சாதத்தை அகன்ற தட்டிலோ தாம்பாளத்திலோ பரப்பி, மூன்று நான்கு நிமிடம் கழித்து, கையில் எடுத்தால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்கும் தருணத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சுற்றிலும் தெளித்துக் கலக்கவும். அப்படியே மூடி இன்னும் 5 நிமிடம் விட்டால் புளிப்பு எல்லா இடத்துக்கும் பரவிவிடும். பயறு இப்போது முழுதாக வெந்துவிட்டதால் புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. எலுமிச்சைச் சாறும் கொதிக்கவில்லை. அதனால் கசப்பும் இல்லை, அதன் மணத்தைத் தரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் தட்டிலேயே தங்கியிருக்கும்.

மற்ற பயறுகளும் பருப்பும்

விதி என்று ஒன்றைச் சொன்னதும் அதற்கு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். கொங்கு வீடுகளின் அரிசியும் பருப்பும் சாதத்தில், பேச்சில் அரிசிம்பருப்பு என்பார்கள், தக்காளியைத் தொடக்கத்திலேயே வதக்கிப் போடுகிறார்கள், பருப்பும் நன்றாக வேகிறது. துவரம்பருப்பு தோல் நீக்கி உடைத்த பருப்பு என்பதும், நான்கு கப் நீரில் ஒரு தக்காளியின் புளிப்பு மிக மெல்லியதாகிவிடுகிறது என்பதும் இதற்குக் காரணம். அரிசி ஒரு கப், பருப்பு மூன்றில் ஒரு கப், நீர் 4 கப் என்பது குழைவான பதத்துக்கு ஏற்ற அளவு. இரண்டையும் சேர்த்தே கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, கடுகு, சீரகம், தட்டிய மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி என்று வதக்கி, 3 விசில் விட்டு இறக்கினால் முடிந்தது. மேலே நெய், பக்கத்தில் கெட்டித் தயிர், ஓர் அப்பளம். வேலை முடித்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் நாட்களில் இதைவிடச் சுருக்கமான சமையல் எனக்குத் தெரியாது. பருப்பு பழையதாக இருந்தால் மட்டும் தக்காளியை ஒதுக்கிவிட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை வரும்போது ஊறவைக்கும் வேலையே இல்லை. உரித்த மொச்சையை நேராக வெங்காயத்துடன் வதக்கி அரிசியுடன் வேகவிடலாம். காய்ந்த மொச்சையானால் 10 முதல் 12 மணி நேரம் ஊற வேண்டும், ஊறிய நீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும், முதல் வேகலுக்கு 3 அல்லது 4 விசில் தேவைப்படும்.

ராஜ்மாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ராஜ்மா சாவல் ஜம்மு, பஞ்சாப் பகுதி வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை உணவு. ஜம்முவின் பதர்வா மலைச்சரிவுகளில் விளையும் சிறிய ராஜ்மாவுக்குத் தனி மதிப்பு உண்டு. நம் ஊரிலும் இப்போது எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைக்கிறது, சாலட்டில் போடுகிறார்கள். ஆனால் பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் மிகுதியாக உள்ளது. வேகாத பயறு நான்கைந்து தின்றாலே சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டி, புதிய நீரில் 100 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. பிரஷர் குக்கரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடுவதால், நம் வழக்கமான முறையில் மெத்தென்று வேகவைத்தால் கவலை இல்லை. மெதுவாகச் சூடேற்றும் மின்பாத்திரங்களில் வெப்பம் 80 டிகிரியை எட்டாமல் நின்றுவிட்டால் நச்சு அழிவதற்குப் பதிலாக முன்பைவிடக் கூடவும் வாய்ப்புண்டு. ஆகவே சாலட்டுக்கு விறைப்பாக இருக்கட்டும் என்று ராஜ்மாவை அரைவேக்காட்டில் எடுப்பதும், முளைகட்டிப் பச்சையாகத் தின்பதும் கூடவே கூடாது.

எலுமிச்சையை நடத்தும் விதம்

தமிழ்நாட்டுச் சந்தையில் எலுமிச்சை என்று கிடைப்பது சிறிய, உருண்டையான, மெல்லிய தோலுள்ள பழம். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வரும் நீள்வட்டமான, தடித்த தோலுள்ள மஞ்சள் பழம் வேறு. நம்முடையதில் புளிப்பு அதிகம். அந்தக் குறிப்புகளைப் பின்பற்றுபவர்கள் ஒரு பழம் என்று எழுதியிருந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமல் சாற்றை அளந்து ஊற்றுவதே நல்லது. நம் பழம் ஒன்றிலிருந்து சுமார் ஒரு மேசைக்கரண்டி சாறு வரும், நல்ல பழமானால் ஒன்றரை. தென்காசி மாவட்டம் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்போன சந்தை; அங்கிருந்து வரும் பழத்தைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். எங்கே வாங்கினாலும் அந்தக் கனத்தையும், அழுத்தினால் சற்றே அமுங்கும் மெல்லிய தோலையும் பார்த்து எடுக்க வேண்டும்.

பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் நான்கைந்து முறை அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டி, விதை நீக்கிப் பிழியவும். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிவது தவறு. தோலின் எண்ணெயும் உள்வெள்ளைத் தோலின் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். பிழிந்து வைத்த சாறும் நேரம் ஆக ஆகக் கசக்கத் தொடங்குவதால், சாப்பிடப் போகும் நேரத்தில் பிழிவதே சரி. ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் எலுமிச்சை சேர்த்த எதையும் வைக்கக் கூடாது. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எதுவானாலும் சரி.

பயறுச் சாதத்துடன் எலுமிச்சைக் கலவையைச் சேர்ப்பதில் நாவுக்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதே வேளையில் உண்ணும் வைட்டமின் சி அந்த ஏற்பைக் கூட்டுகிறது. சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடித்தால் இந்த நன்மை பெரிதும் குறைந்துவிடும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயறில் நிறைய இருப்பதும், பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருப்பதும், இந்த இரண்டும் உலகின் பல மூலைகளில் ஒரே தட்டுக்கு வந்து சேர்ந்ததன் நற்பயன்.

பாசிப்பருப்புக் கோசுமல்லி

கர்நாடகத்தில் கோசம்பரி என்று வழங்கும் இதை ராமநவமியன்று பானகம், நீர்மோருடன் வடைப்பருப்பு என்ற பெயரில் படைக்கும் வீடுகள் உண்டு. செட்டிநாட்டில் கோசமல்லி என்று கேட்டால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் மசியல் வரும் என்பதையும் விருந்துக்குப் போகும்முன் தெரிந்துகொள்வது நல்லது.

கால் கப் பாசிப்பருப்பை நன்றாகக் கழுவி முக்கால் மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பருப்பைப் பல்லில் வைத்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். கல்லாகவும் இருக்கக் கூடாது, மாவாகவும் கூடாது. நீரைச் சுத்தமாக வடித்து, ஒரு துணியில் பரப்பிப் பத்து நிமிடம் உலரவிடவும். இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்க நினைத்தால் கலவை சொதசொதவென்று ஆகிவிடும். ஒரு நடுத்தர வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், பொடியாக அரிந்த பச்சை மிளகாய் ஒன்று, அரை அங்குல இஞ்சியின் துருவல், கொத்தமல்லித் தழை ஆகியவற்றுடன் பருப்பைக் கலக்கவும். விருப்பமிருந்தால் சிறிது மாங்காய்த் துண்டு சேர்க்கலாம், அப்போது எலுமிச்சையைப் பாதியாக்கிவிட வேண்டும்.

ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் கடுகும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் தாளித்துக் கொட்டி, சூடு தணிந்த பிறகு அரை மூடி எலுமிச்சையைப் பிழியவும். உப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. உப்புப் பட்ட ஐந்தாவது நிமிடத்தில் வெள்ளரி நீர்விடத் தொடங்கும் என்பதால், சாதம் தட்டில் விழுந்த பிறகுதான் கோசுமல்லியில் உப்பு விழ வேண்டும். முளைகட்டிய பயறில் செய்வதானால், மழைக்காலத்தில் பச்சையாகக் கலக்காமல் 5 நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, ஆறவிட்டுச் சேர்ப்பது வயிற்றுக்கு நல்லது.

வெங்காயமும் வல்லாரையும்

மிக எளியது வெங்காயம். பெரிய வெங்காயம் ஒன்றைக் காகிதம்போல் மெல்லிய வளையங்களாக அரிந்து, குளிர்ந்த நீரில் 10 நிமிடம் போட்டு வடித்தால் நெடி அடங்கிவிடும். அதன்மீது கால் தேக்கரண்டி உப்பும் ஒரு மூடி எலுமிச்சைச் சாறும் விட்டு விரலால் மெல்லப் பிசறி வைக்கவும். வெங்காயத்தின் மங்கிய ஊதா, ஓரத்திலிருந்து மெல்லத் தெளிந்து, கால் மணி நேரத்தில் வளையம் முழுவதும் ரோஜா நிறமாகிவிடும். வெங்காயத் தோலின் ஆந்தோசயனின் என்னும் நிறமி புளிப்பில் சிவப்பதால் நிகழ்வது இது. பளிச்சென்ற அந்த நிறம் வந்ததும் கலவை தயார் என்று தெரிந்துகொள்ளலாம், கடிகாரம் வேண்டியதில்லை.

கீரையில் இதற்கு நேர்மாறு. பச்சையம் புளிப்பில் சிதைந்து, இலை சில நிமிடங்களில் பாசிநிறமாக மங்கிவிடும். அதனால்தான் வல்லாரைச் சம்பல் செய்யும்போது யாழ்ப்பாணத்து அக்கா எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுத் தேசிக்காயை எடுப்பார். இரண்டு பிடி வல்லாரையைத் தண்டு நீக்கி, மூன்று நீரில் அலசி, உலர்த்தி, இலைகளைச் சுருட்டி நூல்போல அரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு மெல்லியதாக அரிகிறோமோ அவ்வளவுக்குக் கசப்பு தெரியாது. ஐந்தாறு சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து, உப்பையும் தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டியையும் முதலில் இவற்றுடன் கையால் பிசைந்து, பின்னர் கீரையைத் தூவி, கடைசியாகத் தேசிப்புளி விட்டு ஒரு முறை மட்டும் புரட்ட வேண்டும். கீரையைப் பிசைந்தால் சாறிறங்கிக் கசக்கும். தட்டைப்பயறு சாதத்தின் மாவுத்தன்மைக்கு, நான் அறிந்தவரை, இதைவிடப் பொருத்தமான துணை இல்லை.

மிஞ்சிய சாதம்

வெந்த சாதத்தைச் சமையல் மேடையில் மாலை வரை விட்டு வைப்பது ஆபத்து. அரிசியில் இருக்கும் சில நுண்ணுயிரிகளின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பி, வெதுவெதுப்பான சாதத்தில் பெருகி நச்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். எலுமிச்சை சேர்க்கும்முன் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கோஸ்தாரிக்காவிலும் நிகரகுவாவிலும் முந்தைய நாள் சோற்றையும் பயறையும் காலையில் வாணலியில் வெங்காயத்துடன் வதக்கி உண்பார்கள். சோறும் பயறும் புள்ளிபுள்ளியாகக் கலந்திருக்கும் தோற்றத்தால் அதற்குப் 'புள்ளிச் சேவல்' என்று பொருள்படும் 'காயோ பிந்தோ' என்ற பெயர். மிஞ்சிய தட்டைப்பயறு சாதத்தையும் இப்படியே செய்யலாம். இரும்புத் தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அரிந்த சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, குளிர்ந்த சாதத்தை உதிர்த்துப் போட்டு, கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டால் அடியில் மொறுமொறுப்பான பொருக்கு பிடிக்கும். புரட்டிப் போட்டு மறுபக்கமும் அப்படியே விட்டு, நன்றாக ஆவி பறக்கும் வரை சூடேறியதும் தட்டுக்கு மாற்றி, முந்தைய நாள் வெட்டி வைத்த மூடியைத் தொடாமல், புதிதாக ஒரு எலுமிச்சையை அறுத்துப் பிழிந்துகொள்ளவும்.